என்னை விசாரிக்க வந்தீர்கள்: பிறருக்குச் செய்யும் கிறிஸ்தவ சேவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் சந்திப்புக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், வீட்டோடு முடங்கிப்போனவர்கள், துணையை இழந்து தனியாக இருப்பவர்கள் என்று போய்ப் பார்த்து வருவதுதான் எங்கள் வேலை. குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் சத்தமாகவே கேள்வி கேட்பார்கள். பத்து வருடம் ஓடிய பிறகு வரும் கேள்விகள் வேறு ரகம். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, தாழ்ந்த குரலில் கேட்பார்கள். இரண்டு வகையையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. போய் வந்ததில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

ஊழியம், சேவை, தொண்டு எல்லாம் ஒன்றுதானா?

நம்மில் பலருக்கு 'ஊழியம்' என்றதும் பிரசங்க மேடை ஞாபகத்துக்கு வரும். நோயாளி வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறவரை 'ஊழியக்காரர்' என்று யாரும் அழைப்பதில்லை; 'உதவி செய்கிறவங்க' என்பதோடு முடித்துக்கொள்வோம். வேதத்தில் இப்படி ஒரு மேல் கீழ் கிடையாது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலையும் வருகிறது, வசனத்தைப் போதிக்கும் வேலையும் வருகிறது. மூலமொழியான கிரேக்கத்தில் இரண்டுக்கும் 'தியாகோனியா' என்ற ஒரே வேர்தான். தமிழில்தான் ஒன்று 'பந்திவிசாரணை' ஆயிற்று, இன்னொன்று 'ஊழியம்' ஆயிற்று.

(ஊழியம் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். அந்தச் சொல் இன்று சபையில் மரியாதைப் பட்டமாக இருப்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.)

எனக்குப் பிடித்த சொல் அந்தப் 'பந்திவிசாரணை'யின் பின்பாதியில் இருக்கிறது. நமது பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த வேலைக்குத் திரும்பத் திரும்ப வரும் வினைச்சொல் 'விசாரி'. 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்கவந்தீர்கள்' என்கிறார் இயேசு (மத்தேயு 25:36). நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்து, 'நீ இவனை விசாரித்துக்கொள்' என்கிறான் (லூக்கா 10:35). திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறார் யாக்கோபு (1:27). கிரேக்கத்தில் இவை எல்லா இடத்திலும் ஒரே சொல் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்டன, அதுவும் நல்லதாகவே அமைந்துவிட்டது. விசாரிப்பது என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது, கவனித்துக்கொள்வது இரண்டும்தான். கேட்காமல் கவனிக்கப் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எனக்கே தெம்பில்லை. வேலை போய்விட்டது, வீட்டில் பிரச்சினை. நான் போய் யாருக்கு என்ன செய்ய?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கிறவர் சாக்குச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று கரையில் நிற்பவர் குளிக்கவே மாட்டார். முதலில் நான் தேறட்டும், பிறகு மற்றவர்களைப் பார்க்கிறேன் என்பதும் பல சமயம் அப்படியே முடிகிறது. சாறிபாத் விதவையை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 17). பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதை ஆக்கிச் சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள். சாப்பாடு கேட்டு வந்த எலியா தீர்க்கதரிசிக்குக் கொடுத்த பிறகு அவள் பானை நிரம்பி வழிந்தது என்று வேதம் சொல்லவில்லை. மாவு தீரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தபோதும் அடியில்தான் கிடந்திருக்கும். அன்றைய பாட்டுக்கு இருந்தது.

இந்த வேலையில் கிடைக்கும் பலமும் நான் கண்டவரை அந்த மாதிரிதான். புறப்படும்போது கையில் எதுவும் இருக்காது. படியேறும்போதும் இருக்காது. போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆன பிறகு, அங்கே தேவையான அளவுக்கு வந்து சேரும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்க மிச்சமிருக்காது. பவுல் தன் உடம்பில் முள் போலக் குத்திய வேதனையை எடுத்துவிடும்படி மூன்றுதரம் கேட்டதற்கு வந்த பதிலும் இதே கணக்கு: 'என் கிருபை உனக்குப்போதும்.' போதும் என்றுதான் சொன்னார். மிஞ்சும் என்று சொல்லவில்லை.

ஏன் அப்படி நடக்கிறது என்று யோசித்திருக்கிறேன். துக்கத்தில் இருக்கும்போது மனம் செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றும். இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்கும்போது அந்தச் சுற்று கொஞ்ச நேரம் நிற்கிறது. நம் கஷ்டம் குறைவதில்லை. ஆனால் உலகத்தில் இருக்கும் ஒரே கஷ்டமாக அது இருப்பதில்லை. ஏசாயா 58-இல் ஒரு வரி உண்டு: பசியுள்ளவனிடத்தில் 'உன் ஆத்துமாவைச் சாய்த்து' அவனைத் திருப்தியாக்கினால் இருளில் உன் வெளிச்சம் உதிக்கும். சாய்ப்பது என்பது எவ்வளவு சரியான சொல்! நிமிர்ந்து நிற்க முடியாதவர்களாலும் சாய முடியும்.

ஒரு எச்சரிக்கை. தூக்கம் போய், சாப்பாடு போய், வாழவே வேண்டாம் என்று தோன்றும் மனச்சோர்வில் இருப்பவரிடம் 'ஊழியம் செய், சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். அவருக்கு வேண்டியது மருத்துவர். நேற்று அடக்கம் செய்துவிட்டு வந்தவரையும் குழுவில் சேர்க்காதீர்கள். அவர்களை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

என் வாழ்க்கையின் நோக்கம் என்ன, தேவன் என்னை எதற்கு அழைத்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐடா ஸ்கடரின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். 1870-இல் ஒரு மருத்துவ மிஷனெரி குடும்பத்தில் பிறந்தவர். அந்த வேலையே வேண்டாம் என்று இருந்தவர். தாயைப் பார்த்துக்கொள்ள இந்தியா வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். மருத்துவரான அவருடைய தந்தை போகத் தயாராக இருந்தும், ஆண் வைத்தியர் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிறகு மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

மேடைகளில் இந்தக் கதையை வெற்றிக்கதையாகவே சொல்கிறார்கள். என் மனதில் நிற்பது அதன் தொடக்கம். அந்த இரவில் அவர் ஒருவரையும் காப்பாற்றவில்லை. மூன்று பேரிடமும் 'என்னால் முடியாது' என்றுதான் சொன்னார், அதுதான் உண்மையும். அழைப்பு அவருக்குத் தரிசனத்திலோ, திறமைகளைப் பட்டியல் போட்டுப் பார்த்ததிலோ வரவில்லை. செய்ய முடியாமல் போன ஒன்று மனதை விட்டு அகலாமல் உறுத்தியதில் வந்தது.

நோக்கம் தேடி என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான்: எதைப் பார்த்துவிட்டு வந்த அன்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை? பெரும்பாலும் பதில் உடனே வரும். ஒருவர் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைச் சொல்வார், இன்னொருவர் பிணவறை வாசலில் தனியாக நின்ற பெண்ணைச் சொல்வார். அங்கேயிருந்து தொடங்கலாம்.

எல்லாருக்கும் மருத்துவமனை கட்டும் அளவுக்குப் பெரிதாக எதுவும் வராது. யோப்பா பட்டணத்துத் தொற்காள் செய்தது தையல். அவள் இறந்தபோது விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டே வந்து, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவிடம் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகவில்லை. துணிகள் பேசின.

நற்கிரியைகள் செய்தால் இரட்சிப்பு கிடைக்குமா?

கிடைக்காது. எபேசியர் 2:8, 9 வசனங்கள் கிருபையினாலே என்று தெளிவாகச் சொல்கின்றன; அடுத்த வசனமே நற்கிரியைகளைச் செய்வதற்கென்று நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. வரிசைதான் முக்கியம். இதில் நடைமுறை லாபமும் ஒன்று உண்டு. நாம் போய்ப் பார்க்கிற நோயாளி நம்முடைய பரலோகக் கணக்கில் வரவு வைக்கும் ஒரு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. மனிதராக இருக்கலாம்.

நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது? என் வாயே கட்டிப்போகிறது.

கட்டிப்போகட்டும். எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரையும் நாம் திட்டுகிறோம். ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்: அவனோடே தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போயிற்று.

நான் புதிதில் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து கிடந்த ஒருவரைப் பார்க்கப் போனேன். போனதும் ஜன்னலைத் திறந்தேன், தலையணையைச் சரி செய்தேன், சங்கீதம் வாசித்தேன், நீளமாக ஜெபித்தேன். முப்பது நிமிஷம் நல்ல வேலை. வெளியே வரும்போது அவர் மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும் ஆன்ட்டி, அதான் மூடி வச்சிருந்தோம்." அவரால் பேச முடியாது. அரை மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் ஜெபத்தைக் கேட்டிருக்கிறார்.

எரிகோ சாலையில் பர்திமேயு கூப்பிட்டபோது, அவன் குருடன் என்பது எல்லாருக்கும் தெரியும். இயேசுவுக்குத் தெரியாதா? இருந்தும், 'நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார் (மாற்கு 10:51). அன்றிலிருந்து வாசலிலேயே கேட்கப் பழகிக்கொண்டேன். இப்போது பார்க்கலாமா, தூங்குகிறாரா, உட்காரட்டுமா, ஜெபிக்கட்டுமா அல்லது சும்மா இருக்கட்டுமா? 'சும்மா இருங்கள்' என்று சொன்னவர்கள் நிறையப் பேர்.

சொல்லக் கூடாத சில வாக்கியங்களும் உண்டு. 'தேவன் ஒரு நோக்கத்தோடுதான் இதை அனுமதித்தார்.' 'உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள்.' 'என் சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான்' (சித்தப்பா பிழைத்தாரா இல்லையா என்பது அடுத்த கேள்வியாக வரும்!). 'விசுவாசமாயிருங்கள், எழும்பி நடப்பீர்கள்.' இந்தக் கடைசி வாக்கியம்தான் அதிகக் காயப்படுத்துகிறது. நடக்கவில்லை என்றால், விசுவாசம் போதவில்லை என்ற பழியும் படுக்கையில் கிடப்பவர் தலையிலேயே விழும்.

பதினைந்து நிமிஷம் போதும். மறுபடி எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்ன நாளில் போங்கள். இந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம்.

வீட்டிலேயே படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். சபை வேலைகளுக்கு வர முடியவில்லை என்று குற்ற உணர்வாக இருக்கிறது.

குற்ற உணர்வு வேண்டியது உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு. 1 தீமோத்தேயு 5:8 தன் வீட்டாரை 'விசாரியாமற்போனால்' அவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. அங்கேயும் அதே சொல். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை மாற்கு 7-இல் வாசியுங்கள்.

இரவு மூன்று மணிக்கு எழுந்து துணி மாற்றிவிடுவதற்கு யாரும் சாட்சி நேரத்தில் கைதட்ட மாட்டார்கள். எங்கள் குழுவின் பட்டியலில் நோயாளிகளின் பெயருக்குப் பக்கத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்பவர் பெயரையும் எழுத ஆரம்பித்திருக்கிறோம். நாங்கள் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் அவர் வெளியே போய்வரலாம். வெறுமனே தூங்கவும் செய்யலாம். நீங்கள் சபைக்கு வரவேண்டியதில்லை. சபை உங்களிடம் வரட்டும். வரவில்லை என்றால் கேளுங்கள்.

எவ்வளவு செய்தாலும் நன்றி இல்லை. சிலர் சண்டைக்கே வருகிறார்கள். எதற்குப் போக வேண்டும்?

இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன். 'மற்ற ஒன்பதுபேர் எங்கே' என்று இயேசுவே கேட்டார். எனவே உங்களுக்கு வருத்தமாக இருப்பதில் தப்பில்லை. அந்த ஒன்பது பேருக்கும் கொடுத்த சுகத்தை அவர் திரும்ப வாங்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சண்டைக்கு வருகிறவர்களைப் பற்றி: அடுத்தவர் தயவில் இருப்பது எவ்வளவு அவமானம் என்று நமக்குத் தெரியாது. கோபம் பல சமயம் அவர்களிடம் மிச்சமிருக்கும் கடைசிச் சொத்து. ஆனால் அடிக்க வருகிறவர், தவறாக நடக்கிறவர் வேறு. அங்கே தனியாகப் போகாதீர்கள், தேவைப்பட்டால் போகவே வேண்டாம். பொறுமை என்ற பெயரில் யாரும் அதைச் சகிக்க வேண்டியதில்லை.

பத்து வருடமாகச் செய்கிறேன். இப்போது போன் அடித்தாலே எரிச்சல் வருகிறது. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?

தாழ்ந்த குரலில் வரும் கேள்விகளில் முதலாவது இதுதான். முதலில் எலியாவிடம் போவோம். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்கிறார். தேவதூதன் வந்து செய்தது என்ன? பிரசங்கம் பண்ணவில்லை, கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துத் தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு. நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்றான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி தேவனிடமிருந்து வந்தது அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான். சோர்ந்தவரிடம் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நாம்.

எரிச்சல் ஒரு வலி, அவ்வளவுதான். வலி நல்லது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்து கண்டது இதைத்தான். விரல்கள் நோயினால் தானாக அழுகி விழவில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போனதால், சுட்டாலும் வெட்டினாலும் கையை இழுத்துக்கொள்ளாமல், காயத்தின்மேல் காயம் பட்டே அழிந்தன. இந்த வேலையிலும் அப்படித்தான். எரிச்சல் வருகிறவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எரிச்சலும் வராமல், அழுகையும் வராமல், சிரித்த முகத்தோடு இயந்திரம் போல ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால்தான் பயம்.

மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதும் அதுவே. காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே தனி ஆளாய் நியாயம் விசாரிக்கிறதைப் பார்த்துவிட்டு, நீர் செய்கிறது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார் (யாத்திராகமம் 18). 'ஜனங்களும்' என்பதை அடிக்கோடிடுங்கள். களைத்துப்போனவர் செய்யும் உதவி பெறுகிறவரையும் களைக்க வைக்கும்.

'நான் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?' என்பீர்கள். பெதஸ்தா குளத்தருகே ஐந்து மண்டபம் நிறைய வியாதிக்காரர் கிடந்தார்கள். யோவான் 5-ஆம் அதிகாரத்தின்படி இயேசு அன்று அங்கே எழுப்பியது ஒரே ஒருவனை. மற்றவர்களைக் கடந்துபோனார். இந்தப் பகுதி எனக்குப் பல வருடம் இடறலாக இருந்தது. இப்போது பெரிய ஆறுதல். அவரே அப்படியானால், எல்லாரையும் பார்த்தே தீருவேன் என்று நான் நிற்பது பக்தியா, பெருமையா?

எங்கள் குழுவில் பட்டுத் தெரிந்துகொண்ட சில ஏற்பாடுகள்: ஒருவருக்கு நான்கு வீட்டுக்கு மேல் கிடையாது. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் ஓய்வு. வருடத்தில் ஒரு மாதம் பட்டியலில் பெயரே இருக்காது. மரணம் ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம், அந்த வாரமே இன்னொருவர் உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி ஏற்பாட்டை நாங்கள் தாமதமாகத்தான் கற்றோம். அதற்குள் நல்ல ஆட்கள் இரண்டு பேர் சத்தமில்லாமல் விலகிப் போயிருந்தார்கள்.

1 பேதுரு 5:7 தெரிந்த வசனம்தான்: 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.' விசாரிக்கிறவர்களுக்கும் விசாரிக்கிறவர் வேண்டும். அவர் பெரும்பாலும் ஒரு மனிதரை அனுப்பித்தான் அதைச் செய்கிறார் என்பதால், உங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சேவை செய்கிறேன், ஆனால் ஜெபிக்கும்போது எதுவும் உணர முடியவில்லை. நான் நடிக்கிறேனா?

அன்னை தெரசா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல், அவர் தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்தன. பல பத்தாண்டுகள் தமக்குள் இருளும் வெறுமையும்தான் இருந்ததாக அவற்றில் எழுதியிருக்கிறார். உலகம் 1979-இல் நோபல் பரிசு கொடுத்துக் கொண்டாடிய காலத்திலும் அப்படித்தான். சிலர் இதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, போலி' என்றார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. உள்ளே வெளிச்சம் தெரியாத நிலையிலும் தினமும் எழுந்து போய்ப் புண்களைக் கழுவியவரை நடிகர் என்று எப்படிச் சொல்வது? நடிகருக்குப் பார்வையாளர் வேண்டும்.

மத்தேயு 25-இல் நீதிமான்கள் என்ன கேட்கிறார்கள்? 'ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்?' அவர்களுக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பசித்தவனைப் பார்த்தபோது அவர்கள் கண்ணுக்குப் பசித்தவன் மட்டும்தான் தெரிந்தான். அது போதுமானதாக இருந்தது.

வறட்சி நீண்டால் உங்கள் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ பேசுங்கள். தூக்கம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி வறட்சி தூக்கமின்மைதான் என்பது என் சந்தேகம்.

உதவி செய்யும்போது சுவிசேஷம் சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால் அது வெறும் சமூக சேவைதானே?

கேட்டால் சொல்லுங்கள். ஏன் வருகிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவரிடம், அவர் கேட்காததைத் திணிப்பது எனக்குச் சம்மதமில்லை. உதவி தூண்டில் புழுவாகிவிட்டால் பெறுகிறவர் மீனாகிவிடுகிறார். அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் நீ யார், எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை. யூதருக்கும் சமாரியருக்கும் அது எவ்வளவு பெரிய சண்டை என்று யோவான் 4 வாசித்தவர்களுக்குத் தெரியும்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா? மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்குமே.

வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்றால், இடதுகையில் இருக்கும் போனும் அறியக் கூடாது. கணக்குக் காட்ட வேண்டுமானால் எண்ணிக்கையை எழுதுங்கள், முகத்தைக் காட்ட வேண்டாம்.

எனக்கு வயதாகிவிட்டது, படுக்கைதான். இனிமேல் நான் யாருக்கும் பிரயோஜனமில்லை.

மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் தோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக ஓடியாடிக்கொண்டிருந்தவர். 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே எழுதினார்; அவரைப் பார்க்கப் பிள்ளைகள் அந்த அறைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் எழுத வராது என்பது தெரியும். அதனால் அவரைப் பற்றி இதற்குமேல் சொல்லி உங்களை மிரட்டப் போவதில்லை.

பேதுருவைச் சொல்கிறேன். தன் காலை இயேசு கழுவக் கூடாது என்று பின்வாங்கினாரே, அதுவும் ஒரு கௌரவம்தான். இவ்வளவு நாள் செய்துகொடுத்தே பழகிய கைகளுக்கு, காலை நீட்டிக் கழுவக் கொடுப்பது பெரிய பாடு. நீங்கள் இப்போது படிப்பது அந்தப் பாடத்தைத்தான். உங்களிடம் வருகிற இளம்பெண்ணுக்குப் பயமில்லாமல் ஒரு நோயாளியைத் தொடக் கற்றுக்கொடுப்பதும் நீங்கள்தான். அவளுக்கு வேறு யார் சொல்லித் தருவார்கள்?

எங்கள் பட்டியலில் ஒரு பாட்டி இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து நான்கு வருடமாகக் கட்டில்தான். தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்திருப்பார். அதில் அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாருடைய விவரமும் இருக்கும்: யார் பிள்ளைக்கு எப்போது பரீட்சை, யாருக்கு முழங்கால் வலி, யார் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. காலையில் ஒவ்வொரு பெயராக எடுத்து ஜெபிப்பார். நாங்கள் போனால் நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டுவிடுவார். போன வாரம் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. சாயங்காலம் போன் வந்தது. "என்னம்மா, இன்னைக்கு உன்னைக் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று பாட்டி என்னை விசாரித்தார்.